புது டிராவல் டிரெய்லரில் பழுது: டீலர் பொறுப்பா, வாங்கியவர் பொறுப்பா?

நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவரின் குடும்பம் மார்ச் மாதக் கடைசியில் 26 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றை, அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை, புதிதாக வாங்கியது. ஜூன் தொடக்கத்தில் அதே வண்டி டீலர் கடையின் பின்பக்கம், முன்சுவரில் ஈரத்தோடு, யார் சரிசெய்து தருவது என்று தெரியாமல் நின்றது. டீலர் தயாரிப்பாளரைக் கைகாட்டினார். தயாரிப்பாளர் டீலரைக் கைகாட்டினார். அப்புறம் இரண்டு பேரும் வாங்கியவரைக் கைகாட்டினார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கடிதங்கள் எழுத நான் உதவினேன். ரசீதுகள், படங்கள், மின்னஞ்சல்கள், வொர்க் ஆர்டர்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். டீலரின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் இதில் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை ஒழுகினால் டீலர், டயர் போனால் நாம் என்று பாகத்தை வைத்துப் பொறுப்பைப் பிரிக்க முடியாது. வண்டி கைமாறியபோது அந்தக் குறை இருந்ததா, இருந்ததைக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது, குறை தெரிந்த பிறகு யார் சும்மா இருந்தார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இந்த விவகாரத்தில் அப்படித்தான் தீர்ந்தது.

இந்த வண்டிகளில் குறை இருப்பது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்கும் காரணம் உண்டு. டிராவல் டிரெய்லரில் என்ஜின் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. குளியலறை, கேஸ் அடுப்பு, ஹீட்டர், ஏசி, மூன்று நான்கு தண்ணீர்த் தொட்டிகள், 12 வோல்ட், 120 வோல்ட் என இரண்டு மின்சாரம். இத்தனையையும் மெல்லிய சட்டத்துக்குள் அடைத்து நெடுஞ்சாலையில் குலுக்கிக்கொண்டு போகிறோம். அமெரிக்காவில் இவற்றின் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. 2021இல் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போன ஆர்வி எனப்படும் வீட்டு வண்டிகள் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். ஃபிரிட்ஜ் ஒரு கம்பெனி, ஆக்ஸில் இன்னொரு கம்பெனி, ஏசி மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி. டிரெய்லருக்குத் தன் பெயரை ஒட்டும் தயாரிப்பாளர் பெரும்பாலும் ஒரு வருட வாரண்டிதான் தருகிறார். அதிலும் டயர், பேட்டரி, மின்சாதனங்கள் சேராது. கதவைச் சரிசெய்வது, தாழ்ப்பாளை இறுக்குவது மாதிரியான சில்லறை வேலைகளுக்கு முதல் 90 நாள் மட்டும் என்று பல வாரண்டிகளில் எழுதியிருக்கும்.

சாவி வாங்கிய நாள்

அன்றைக்குக் குளிர் உறைநிலைக்குக் கீழே. அதனால் டிரெய்லரின் குழாய்களில் குளிர்காலத்தில் குழாய் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் அப்படியே இருந்தது. வண்டியைச் சுற்றிக் காட்டிய டெக்னீஷியன் பொறுமையான இளைஞர். காரோடு இணைக்கும் ஹிட்ச் மாட்டுவது, சுவரோடு வெளியே நீளும் அறைப்பகுதியான ஸ்லைடு-அவுட்டை வெளியே தள்ளுவது, கேஸ் திறப்பது, நிழல் தரும் துணிப்பந்தலான அவ்னிங் விரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் இணைப்பு மட்டும் கொடுக்கவில்லை. குழாய் திறக்கப்படவில்லை, டாய்லெட் ஓடவில்லை, வாட்டர் ஹீட்டர் சுடவில்லை. குளிர் விட்ட பிறகு நீங்களே பாருங்கள், ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

கடைசியில் ஒரு தாள் நீட்டினார்கள். வண்டியைப் பார்வையிட்டேன், எல்லா அமைப்புகளும் திருப்தியாக இயங்குகின்றன என்று அதில் அச்சிட்டிருந்தது. நண்பர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்கு முன் அவர் மனைவி ஒரு காரியம் செய்தார். ஸ்லைடு-அவுட்டின் பின்மூலையில் ரப்பர் சீல் வெளிப்பக்கம் விரிய வேண்டியது, உள்பக்கம் மடங்கிக் கிடந்தது. விற்பனையாளர் விரலால் இழுத்துவிட்டு, போகப்போகப் படிந்துவிடும் என்றார். நண்பரின் மனைவி விடவில்லை. “எழுதிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் ஞாபகம் இருக்காது” என்று நின்றார். டீலர் செய்து தர வேண்டிய வேலைகளைக் குறிக்கும் டியூ பில்லில் ஒற்றை வரி ஏறியது: ஸ்லைடு சீல், பின்மூலை, சரிசெய்ய வேண்டும். கீழே விற்பனையாளரின் கையெழுத்து. மொத்தக் கோப்பிலும் அதிக வேலை செய்த காகிதம் அதுதான்.

இன்னொன்றும் இருந்தது, யாரும் திட்டமிட்டதில்லை. அவர்கள் மகள் விளையாட்டாகத் தன் ஃபோனில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி சுமார் 40 மைல் தூரம் வீட்டுக்கு வந்தது. பேட்டரி இறங்காமலிருக்க வீட்டுச் சாக்கெட்டில் செருகி வைத்தார்கள். சில வாரம் கழித்து யாரோ அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்.

முதல் பயணத்தில் என்ன ஆனது

மே மாத நடுவில் டெலவேர் வாட்டர் கேப் பக்கம் ஒரு முகாமுக்குப் போனார்கள். போகும் முன்பே பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏற்றிச் சமாளித்துக்கொண்டார்கள். முகாமில் தண்ணீர் இணைப்பு கொடுத்துச் சிறிது நேரத்தில் டாய்லெட் அருகே தரை சொதசொதவென்று ஆனது. வாட்டர் ஹீட்டர் மின்சாரத்தில் சுடவில்லை, கேஸில் சுட்டது. இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. முன்பக்கப் படுக்கையின் இடது மூலையில் மெத்தை நனைந்து, சுவரொட்டி உப்பியது. ஸ்லைடு மூலையிலும் தரைவிரிப்பு ஈரம். திரும்பும் வழியில் பக்கத்து முகாமில் இருந்த ஒரு பெரியவர் சொல்லி இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தபோது, இடது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லக் நட்கள் கால் சுற்றுக்கு மேல் இறங்கின.

நண்பர் செய்த நல்ல காரியம், எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்தது. தண்ணீரை உடனே அடைத்தார், டாய்லெட் பின்னாலுள்ள பலகையைக் கழற்றினார், கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார், பிறகுதான் துடைத்தார். முன்மூலையை வெளியிலிருந்து டேப் ஒட்டி மூடினார். வீடு வந்த மறுநாளே டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் மின்னஞ்சல் போனது. தெரிந்ததும் தெரிவித்தது, சேதம் பெருகாமல் தடுத்தது, இரண்டும் பிற்பாடு கைகொடுத்தன.

யாருடையது எது

எளிதானவற்றை முதலில் முடித்துவிடுவோம். பேட்டரி வாங்கியவருடையது. நிறுத்தி வைக்கும்போது இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது, அதைத் திருப்பவில்லை. கேஸ் கசிவு காட்டும் கருவி, ரேடியோ மாதிரி சின்னச் சின்னவை எந்நேரமும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். எந்த வாரண்டியும் இதைத் தாங்காது.

லக் நட்டும் வாங்கியவருடையதுதான். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. புதுச் சக்கரத்தில் நட் உட்காரும் இடம் ஓட ஓடப் படியும், பெயின்ட் நசுங்கும், இறுக்கம் குறையும். அதனால்தான் 10, 25, 50 மைல் ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள் என்று கையேட்டில் இருக்கிறது. அரை அங்குல ஸ்டட்டுக்கு வழக்கமாக 90 முதல் 120 அடி-பவுண்டு. டீலர் கொடுத்த உறையிலேயே அந்தத் தாள் இருந்தது, யாரும் பிரிக்கவில்லை. சக்கரம் கழன்றிருந்தால் உயிர்ச்சேதம். அதை எண்ணினால் இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒவ்வொரு புது உரிமையாளரும் முதல் நாளே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்க வேண்டும்.

குழாய்க் கசிவு நேர் எதிர்ப்பக்கம். பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயை இணைப்பில் செருகி, மேலே செம்பு வளையத்தைக் கருவியால் நசுக்குவார்கள். கழற்றிய பலகைக்குப் பின்னால் இருந்த வளையம் வட்டமாக, பளபளவென்று, நசுக்கிய தடமே இல்லாமல் இருந்தது. தொழிற்சாலையில் ஒரு கை தவறவிட்டது. தயாரிப்பாளரின் வாரண்டி, விவாதமே இல்லை. ஆனால் டீலருக்கும் இதில் பங்கு உண்டு. விற்பதற்கு முன் வண்டியைச் சோதிப்பது டீலரின் வேலை. அழுத்தத்தோடு தண்ணீர் விட்டுப் பார்த்திருந்தால் சில நிமிடத்தில் தெரிந்திருக்கும். சோதனைத் தாளில் தண்ணீர் அமைப்புக்கு எதிரே டிக் போட்டிருந்தார்கள். என்றைக்குச் சோதித்தீர்கள், எந்த அழுத்தத்தில் என்று எழுத்தில் கேட்டோம். அந்தக் கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை.

வாட்டர் ஹீட்டர்தான் இரண்டு பக்கமும் இழுக்கக்கூடியது. 6 கேலன் தொட்டி, கேஸும் மின்சாரமும் இரண்டும் உண்டு. குளிர்காலத்தில் தொட்டிக்குள் ஆன்டிஃப்ரீஸ் போகாமலிருக்க பைபாஸ் வால்வைத் திருப்பித் தொட்டியைக் காலியாக வைப்பார்கள். காலித் தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயிருக்கும், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் கண நேரத்தில் கருகிவிடும். நீங்கள்தான் காலியாக ஓட்டியிருக்கிறீர்கள் என்றார் டீலர். மகள் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். டெக்னீஷியன் வண்டிக்கு வெளியே ஹீட்டரின் சின்னக் கதவைத் திறந்து பர்னரைக் காட்டுகிறார். ஓரத்தில் விரல்நகம் அளவு கறுப்புச் சுவிட்ச், ஆன் நிலையில். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உள்ளே பலகையிலும் ஒரு சுவிட்ச் உண்டு. அது அன்று எப்படி இருந்தது என்று வீடியோவில் இல்லை. வீட்டில் ஒயர் செருகிய அன்றே எலிமென்ட் கருகியிருக்க வேண்டும்.

“அண்ணா, இதையும் கடிதத்தில் அவர்கள் தலையில் போட்டுவிடலாமா?” என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். காலித் தொட்டியில் போடாதே என்று கையேடு கொட்டை எழுத்தில் சொல்கிறது. சுவிட்சை ஆனில் விட்டுக் கொடுத்தது டீலரின் கவனக்குறைவு என்பது என் கருத்து, ஆனால் ஒயர் செருகியது நம் கை. எலிமென்ட் விலை குறைவு, அரைமணி நேரத்தில் மாட்டிவிடலாம். இதை நாமே ஏற்றுக்கொண்டு கடிதத்தில் முதலிலேயே எழுதிவிட்டால், மற்ற குறைகளைப் பற்றி நாம் சொல்வதற்கு எடை கூடும். லக் நட், பேட்டரி, எலிமென்ட் மூன்றும் எங்களுடையவை, கேட்கவில்லை என்று தொடங்கியது அந்தக் கடிதம். பின்னால் தயாரிப்பாளரின் அலுவலர் ஃபோனில் பேசியபோது, அந்த வரியைப் படித்த பிறகுதான் கோப்பைத் திரும்பத் திறந்ததாகச் சொன்னார்.

முன்மூலை ஒழுகல்

மொத்தச் செலவில் பெரியது இதுதான், சண்டையும் இதில்தான். முன்பக்கம் மேலே வரிசையாக மஞ்சள் நிற அடையாள விளக்குகள் இருக்கும். இடது ஓர விளக்கின் பின்னால் ஒயர் போகும் துளை வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தது. டீலரின் முதல் பதில், சீலன்ட் (இடைவெளிகளை அடைக்கும் பசை) பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு, 90 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, எனவே வாரண்டி இல்லை.

கையேட்டில் இருந்தது உண்மை. பல தயாரிப்பாளர்கள் இப்படி எழுதுகிறார்கள், அதில் நியாயமும் உண்டு. வெயிலிலும் குளிரிலும் சீலன்ட் சுருங்கும், வெடிக்கும். கூரையேறிப் பார்ப்பது உரிமையாளரின் வேலைதான். வருடக்கணக்கில் பார்க்காமல் விட்டு, பலகை மக்கிய பிறகு வாரண்டி கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

ஆனால் இங்கே சீலன்ட் கெட்டுப்போகவில்லை, போடவே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரியும். விளக்கைக் கழற்றும்போது டீலரின் ஆளும் கூட இருக்க வேண்டும் என்று நண்பர் கேட்டுக்கொண்டார். கழற்றிப் பார்த்தார்கள். பழைய சீலன்ட் இருந்திருந்தால் சுவரில் அதன் தடம் இருக்கும், ஓரத்தில் அழுக்குக் கோடு கட்டியிருக்கும், கிழிந்த விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். வலது பக்க விளக்கைச் சுற்றி அதெல்லாம் இருந்தது. இடது விளக்கின் மேல்விளிம்பில் சுவர் வழுவழுவென்று புதுசாக இருந்தது, கீழ்விளிம்பில் மட்டும் அரைவட்டமாகச் சீலன்ட். இரண்டு விளக்குகளையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்தார்கள். போடாத ஒன்றைப் பராமரிக்க முடியாது என்று ஒரே வரி எழுதி அந்தப் படத்தை இணைத்தோம்.

கூடவே இன்னொரு கேள்வி வைத்தோம், இதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். டிரெய்லரின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் சான்றுத் தகட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். இந்த வண்டி விற்பனைக்குப் பத்து மாதம் முன்னால் தயாரானது. ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் டீலரின் திறந்த முற்றத்தில் நின்றிருக்கிறது. வாரண்டி நாள்கணக்கு வாங்கிய நாளில்தான் தொடங்குகிறது, சரி. அதற்கு முந்தைய பத்து மாதத்தில் 90 நாளுக்கு ஒருமுறை சீலன்டைப் பார்த்தது யார்? பார்த்திருந்தால் பதிவைக் காட்டுங்கள். பார்க்கவில்லை என்றால், அந்த வேலையைச் செய்யத் தவறியது வாங்கியவர் இல்லை. வண்டி நண்பர் கைக்கு வந்து ஒழுகல் தெரியும்வரை 90 நாள் ஆகவே இல்லை.

ஈரமானியால் சுவரைத் தொட்டு எழுதிக்கொண்டதும் உதவியது. மூலையில் அளவு உச்சத்தில், கீழே போகப்போகக் குறைந்து, நடுச்சுவரில் உலர்ந்திருந்தது. தண்ணீர் மேலிருந்து, ஒரே இடத்திலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது. மூச்சுக்காற்று குளிர்ந்து படிந்த ஈரம் என்று டீலர் இடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்படியானால் சுவர் முழுக்கப் பரவலாக இருந்திருக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பழுது தீராத புது வண்டி வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தை நம்பி இதில் இறங்க வேண்டாம். டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்கள் இழுத்துச் செல்லும் ஆர்விகளையும் அதில் சேர்த்திருக்கின்றன. பல மாநிலங்களில் அந்தச் சட்டம் தானாக ஓடும் வண்டிக்குத்தான். நியூஜெர்சியும் அப்படியே. ஆக நமக்குக் கிடைப்பவை இரண்டு: எல்லாப் பொருள் விற்பனைக்கும் பொதுவான வணிகச் சட்டம், வாரண்டிக்கான கூட்டரசுச் சட்டம்.

வணிகச் சட்டத்தில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்த்த ராமிரெஸ் எதிர் ஆட்டோஸ்போர்ட் வழக்கை ஆர்வி வாங்கும் யாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1978 ஜூலையில் ஒரு தம்பதி 14,100 டாலருக்குப் புது கேம்பர் வேன் ஒன்றுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பழைய வேனை 4,700 டாலர் மதிப்புக்கு டீலரிடம் விட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் தேதி எடுக்கப் போனால் பெயின்டில் கீறல், மின் இணைப்பும் கழிவுநீர் இணைப்பும் இல்லை, சக்கர மூடிகள் மாட்டவில்லை. எடுக்க வேண்டாம் என்று விற்பனையாளரே சொன்னார். ஆகஸ்ட் 14ஆம் தேதி போனால் இன்னும் பெயின்ட் பூசிக்கொண்டிருந்தார்கள், உள்ளே இருக்கை மெத்தைகள் ஊறிப்போயிருந்தன. செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு பழைய வேனைத் திருப்பிக் கேட்டால், டீலர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டார். ஏற்றுக்கொள்வதற்கு முன் பொருளில் எந்தக் குறை இருந்தாலும் வாங்குபவர் மறுக்கலாம், விற்பவருக்குச் சரிசெய்ய வாய்ப்புத் தர வேண்டும், சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று நீதிமன்றம் தீர்த்தது. பழைய வேனின் மதிப்பு தம்பதிக்குக் கிடைத்தது.

இதில் முக்கியம் “ஏற்றுக்கொள்வதற்கு முன்” என்பது. ஏற்றுக்கொண்ட பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால், குறை வண்டியின் மதிப்பையே கணிசமாகக் கெடுக்கிறது என்று காட்ட வேண்டும். சுமை பல மடங்கு கூடிவிடுகிறது. சாவி வாங்கும் நாளில் ஒரு மடங்கிய ரப்பர்கூடப் போதும், மறுநாள் அது போதாது. டெலிவரி நாளை விருந்து மாதிரி நடத்தி, பூட்டிய வண்டிக்குப் பக்கத்தில் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிடும் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த நாள் வாங்குபவரின் சோதனை நாள். அதை அவரிடமிருந்து யாரும் பறிக்கக் கூடாது.

நண்பர் கையெழுத்துப் போட்டு, வண்டியை இழுத்தும் வந்துவிட்டார். அப்படியானால் ஏற்றுக்கொண்டதாகவே முடிந்துவிட்டதா? முழுதாக இல்லை. ஏற்றுக்கொள்வதற்கு முன் சோதிக்க நியாயமான வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அதே மாநிலத்தில் 1968இல் ஒரு தீர்ப்பு உண்டு. புதுக்கார் வீடு போய்ச் சேர்வதற்குள் டிரான்ஸ்மிஷன் போய் நின்றுவிட்டது. ஷோரூமிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டியதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். ஆன்டிஃப்ரீஸோடு கைக்கு வந்து, தண்ணீர் அமைப்பை ஓட்டிப் பார்க்க வழியே இல்லாத டிரெய்லருக்கு அந்த வாதம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை, பழுது பார்த்துக் கொடுத்தால் போதும் என்பதுதான் குடும்பத்தின் விருப்பம். எந்தப் பாதையில் போனாலும் ஒரு நிபந்தனை மட்டும் மாறாது: குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் உரிமையே போய்விடும்.

அடுத்து 1975இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம். எழுத்தில் வாரண்டி கொடுப்பவர், பொருள் தன் வழக்கமான பயனுக்குத் தகுதியாக இருக்கும் என்ற மறைமுக உறுதியை முற்றாக மறுக்க முடியாது என்கிறது. தயாரிப்பாளர் இதில் மாட்டுவார். டீலர் மாட்டமாட்டார், ஏனென்றால் தயாரிப்பாளரின் வாரண்டி உள்ள பொருளை விற்பதாலேயே டீலர் அந்த வாரண்டிக்குக் கட்டுப்பட்டவர் ஆவதில்லை. டீலரின் விற்பனைத் தாளில் “உள்ளபடியே விற்கப்படுகிறது” என்று இருந்தது. மாசசூசெட்ஸ், மேரிலாந்து போன்ற இடங்களில் நுகர்வோருக்குப் புதுப் பொருள் விற்கும்போது அந்த வரி செல்லாது, நியூஜெர்சியில் அப்படிப்பட்ட தடை இல்லை. ஆனால் டீலர் விற்பனையிலிருந்து 90 நாளுக்குள் தானே ஒரு சர்வீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அவரும் மறைமுக உறுதியை மறுக்க முடியாது. நண்பர் கூடுதலாகப் பணம் கட்டி வாங்கிய சர்வீஸ் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தோம். ஒப்பந்தக்காரர் வேறு ஒரு கம்பெனி, டீலர் விற்பனை முகவர் மட்டும். அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் அதற்குப் பணம் கட்டுவது வீண்.

ஸ்லைடு சீலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. டியூ பில் டீலர் தானே கையெழுத்திட்ட வாக்கு, வாரண்டியோ மறைமுக உறுதியோ தேவையில்லை. தயாரிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம் என்று டீலர் சொன்னபோது அந்தத் தாளின் நகலைத்தான் அனுப்பினோம்.

கடனைப் பற்றி ஒரு சொல். டீலர் ஏற்பாடு செய்த கடன் என்றால், விற்றவர்மேல் நமக்குள்ள வாதங்களைக் கடன் கொடுத்தவர் மேலும் வைக்கலாம் என்ற அறிவிப்பு அந்தக் கடன் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பது கூட்டரசு வணிக ஆணையத்தின் விதி. அதைப் படித்துவிட்டுக் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் மதிப்பெண் முதலில் அடிபடும், வாதம் பிறகுதான் கேட்கப்படும். நண்பர் ஒரு தவணையும் விடவில்லை.

கடிதமும் அதன் பிறகும்

முதல் மூன்று வாரம் ஃபோன்தான். டீலர் கடையில் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பதில். இதில் டீலரின் நிலையையும் சொல்ல வேண்டும். வாரண்டி வேலைக்குத் தயாரிப்பாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், படம் அனுப்ப வேண்டும், இந்த வேலைக்கு இவ்வளவு மணி நேரம் என்று தயாரிப்பாளர் நிர்ணயித்ததற்குத்தான் கூலி வரும். காசு கொடுத்துப் பழுது பார்க்க வருபவரின் வண்டி உள்ளே போகும், வாரண்டி வண்டி வெளியே காத்திருக்கும். புரிகிறது. ஆனால் அந்த ஏற்பாடு டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையில் உள்ளது. அதன் சுமையை வாங்கியவர் கோடைக்காலம் முழுவதும் சுமக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

பதிவுத் தபாலில் ஒரே கடிதம், இருவருக்கும். குறை ஒவ்வொன்றுக்கும் தெரிந்த தேதி, தெரிவித்த தேதி, படத்தின் எண், யாரிடம் என்ன கேட்கிறோம். குழாயும் முன்மூலையும் தயாரிப்பாளரின் வாரண்டியில், ஸ்லைடு சீல் டியூ பில்லின்படி டீலர் செலவில். முன்சுவரின் உள்பலகையைத் திறந்து உலர்த்த வேண்டும், வெளியிலிருந்து சீலன்ட் பூசி மட்டும் மூடக் கூடாது என்பதைத் தனியாக எழுதினோம். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த வருடம் சுவரின் வெளித்தோல் பலகையிலிருந்து பிரிந்து உப்பும். அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். வேலை முடிந்ததும் ஈரமானி அளவுகளை வொர்க் ஆர்டரிலேயே எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டோம். கடிதத்தில் மிரட்டலோ வக்கீல் பெயரோ இல்லை. பதிலுக்கு ஒரு தேதி மட்டும் இருந்தது.

தயாரிப்பாளர் அந்தத் தேதிக்கு முன்பே குழாய்க்கும் முன்சுவருக்கும் அனுமதி கொடுத்தார். டீலர் ஸ்லைடு சீலை மாற்றினார், மூலை ரப்பரோடு சேர்த்து. வாட்டர் ஹீட்டர் எலிமென்டை நண்பர் தன் வீட்டு முற்றத்தில் தானே மாட்டினார். வண்டி திரும்பி வந்தபோது ஜூலை முடியப் போகிறது. முன்பதிவு செய்திருந்த முகாம்களுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். எதிர்பாராத பின்விளைவுச் செலவுகளை ஏற்கமாட்டோம் என்று வாரண்டியில் இருந்தது, அதை எதிர்த்துப் போராட அந்தத் தொகைக்கு அவர்கள் விரும்பவில்லை. போராடியிருக்கலாம் என்பது என் எண்ணம், முடிவு அவர்களுடையது.

சர்வீஸ் ஒப்பந்தத்தை அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள். மீதிக் காலத்துக்கான தொகை கடன் கணக்கில் வரவாகியிருக்கிறது. முன்சுவருக்கு மட்டும் வாரண்டியை மேலும் ஒரு வருடம் நீட்டித்துத் தயாரிப்பாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மூல வாரண்டி மார்ச்சில் முடிகிறது. பிப்ரவரியில் வண்டியை ஒரு தனி ஆர்வி ஆய்வாளரிடம் கொடுத்து, தண்ணீர் அமைப்பையும் கூரையையும் முழுதாகச் சோதித்து, கிடைக்கும் குறைகளை முடிவு நாளுக்கு முன்பே எழுத்தில் அனுப்ப நேரம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.